கையால் செய்த சாக்லேட்டுக்கு எந்த உறை? தாள், ஃபாயில், மக்கும் படலம், தகரம்: ஓர் ஒப்பீடு

சிறிய அளவில் சாக்லேட் செய்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "பிளாஸ்டிக்கை விட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பதிலாக எதை வாங்குவது?" கேட்பவரின் மேசையில் ஏற்கெனவே நாலைந்து மாதிரிகள் கிடக்கும். பழுப்புத் தாள் பை, பளபளக்கும் 'மக்கும்' உறை, பொன்னிற ஃபாயில், மூடி போட்ட தகர டப்பா. எல்லாவற்றின் மேலும் ஓர் இலைப் படம் இருக்கும். எந்த இலையை நம்புவது என்பதில்தான் குழப்பம்.

நான் முதலில் எடுத்தது மறுசுழற்சி அட்டைப் பெட்டி. உள்ளே வேறு உறை எதற்கு என்று நினைத்து, பால் சாக்லேட்டை அப்படியே அடுக்கினேன். பத்து நாள் கழித்து ஒரு துண்டை வாயில் போட்டேன். நனைந்த அட்டையைக் கடித்தது போலிருந்தது. மூன்று கிலோவையும் கொட்ட வேண்டியதாயிற்று. அன்று கற்றதை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. சாக்லேட்டைக் காப்பாற்றாத உறை எந்தப் பொருளால் ஆனதாக இருந்தாலும் சூழலுக்கு நல்லதல்ல.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். 2018இல் 'சயின்ஸ்' இதழில் பூர், நெமெசெக் இருவரும் வெளியிட்ட பெரிய ஆய்வில், ஒரு கிலோ கருப்புச் சாக்லேட்டுக்குச் சராசரியாக 40 கிலோவுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வாயுக்கள் வெளியேறுவதாகக் கணக்கிட்டார்கள். கோகோவுக்காகக் காடு அழிக்கப்படுவதுதான் இதில் பெரும்பங்கு. சில கிராம் தாளோ படலமோ இதன் பக்கத்தில் மிகச் சிறியது. அதற்காக உறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குப்பை குப்பைதான், அதற்கு நாம் பொறுப்புதான். உறையில் மிச்சம் பிடிக்கிறேன் என்று சாக்லேட்டைக் கெடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

## எதை வைத்து அளப்பது?

கொழுப்பு. கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்குக் கீழேயே இளகத் தொடங்கித் தாளில் ஊறும். வாங்குபவர் கையில் எண்ணெய்க் கறை படிந்த உறை போய்ச் சேர்ந்தால், உள்ளே இருப்பது எவ்வளவு நன்றாக இருந்தாலும் பழையது என்றே நினைப்பார்.

ஈரமும் வாசமும். மேற்பரப்பில் ஈரம் படிந்தால் சர்க்கரை கரைந்து, மறுபடி உலரும்போது வெள்ளைப் படிவாக நிற்கும். வாசம் இன்னும் மோசம். கொழுப்பு அக்கம்பக்கத்து வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அட்டை, அச்சு மை முதலியவற்றிலிருந்து உணவுக்கு வாசம் தாவுகிறதா என்று பார்க்கும் ராபின்சன் சோதனையில் பால் சாக்லேட்டையே உளவாளியாக வைப்பது வழக்கம். அவ்வளவு எளிதில் கெடும் பொருளைத்தான் நாம் பொதிகிறோம்.

எத்தனை நாள் தாங்க வேண்டும்? வெறும் சாக்லேட் பார் பல மாதம் இருக்கும். பாலேடும் சாக்லேட்டும் கலந்த கனாஷ் என்ற குழைவை நிரப்பிய ட்ரஃபிள் உருண்டைக்குச் சில வாரங்கள்தான் ஆயுள். இரண்டுக்கும் ஒரே உறையைத் தேடுவதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள்.

தூக்கி எறிந்த பிறகு எங்கே போகும்? உறை எப்படி மக்கும் என்று கேட்பதைவிட, வாங்குபவர் வீட்டில் எந்தத் தொட்டியில் விழும் என்று கேட்க வேண்டும். மக்கும் பொருள் காற்றுப் புகாத குப்பைமேட்டில் புதைந்தால் மீத்தேன் வாயுதான் வரும். தாளுக்கும் இதே கதைதான்.

உங்கள் கைவேலை. சூட்டில் சீல் வைக்க வேண்டுமா, கையால் மடித்தால் போதுமா? குறைந்தபட்சம் எத்தனை ஆயிரம் வாங்க வேண்டும்? அலமாரியில் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும்?

வெப்பத்தை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. சாக்லேட்டுக்குப் பிடித்தது 15 முதல் 18 டிகிரி. எந்த மெல்லிய உறையாலும் அதைக் காக்க முடியாது. அது சேமிக்கும் இடமும் அனுப்பும் முறையும் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

இன்னொன்று. இது ஒரு முடிவல்ல, இரண்டு முடிவுகள். சாக்லேட்டைத் தொடும் உள் உறை வேறு, கண்ணுக்குத் தெரியும் வெளிப் பெட்டி வேறு. இரண்டையும் ஒரே பொருளில் முடிக்கப் பார்த்ததுதான் என் முதல் தவறு.

## ஒரே பார்வையில்

| உள் உறை | கொழுப்பு | ஈரம், வாசம் | கைவேலை | பயன்பாட்டுக்குப் பின் |
|---|---|---|---|---|
| அலுமினிய ஃபாயில் | தாங்கும் | மிக நன்று | மடித்தால் போதும் | உருண்டையாக்கினால் மறுசுழற்சி |
| பூச்சிட்ட செல்லுலோஸ் (மரக்கூழ்) படலம் | தாங்கும் | நன்று | சூட்டு சீல் | சான்று இருந்தால் வீட்டு உரக்குழி |
| பி.எல்.ஏ. (செடியிலிருந்து செய்த பிளாஸ்டிக்) படலம் | தாங்கும் | ஈரத்துக்குச் சுமார் | சூட்டு சீல் | தொழில்முறை உரக்கூடம் மட்டும் |
| கிளாசின் (அழுத்தி வழவழப்பாக்கிய) தாள் | தாங்கும் | குறைவு | மடிப்பு, ஒட்டு | தாள் மறுசுழற்சி அல்லது உரம் |
| பாலிப்ரொப்பிலீன் (வழக்கமான பிளாஸ்டிக்) படலம் | தாங்கும் | ஈரத்துக்கு நன்று | சூட்டு சீல் | பெரும்பாலும் குப்பை |

## அலுமினிய ஃபாயில்

சூழலுக்கு உகந்தது என்ற பட்டியலில் ஃபாயிலைப் பார்த்ததும் பலர் முகம் சுளிப்பார்கள். பாக்சைட்டை வெட்டி, மின்சாரத்தைக் கொட்டித்தான் புது அலுமினியம் வருகிறது, உண்மை. ஆனால் பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி எடுக்கப் புதிதுக்கு ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதமே போதும். ஒளி, ஈரம், காற்று, வாசம் நான்கையும் ஒரு மெல்லிய தகடு தடுத்துவிடும். சீல் இயந்திரம் வேண்டாம், பசை வேண்டாம், மடித்தாலே நிற்கும். பாருக்கு ஃபாயில், அதன்மேல் தாள் பட்டை என்ற பழைய முறை இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் உண்டு.

குறை அளவில் இருக்கிறது. ஒரு மிட்டாய் அளவுத் துண்டு, பிரிக்கும் இயந்திரத்தின் சல்லடையில் நழுவிக் குப்பைக்குப் போய்விடும். வாங்குபவர் பத்துப் பதினைந்தைச் சேர்த்துக் கைப்பிடி அளவு உருண்டையாக்கிப் போட்டால்தான் மறுசுழற்சி நடக்கும். அதனால் தனித்தனித் துண்டுகளைவிட முழுப் பாருக்கே ஃபாயில் பொருத்தம்.

வாங்கும்போது கசக்கிப் பாருங்கள். கசங்கிய உருவத்திலேயே நின்றால் ஃபாயில். மெதுவாக விரிந்து எழுந்தால் அது உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலம். தாளும் ஃபாயிலும் ஒட்டிய இரட்டை அடுக்கும் விற்கிறார்கள். பார்க்க அழகு, பிரிக்க வழியில்லை. அதை வாங்காதீர்கள்.

## செல்லுலோஸ் படலம்

ஜாக் பிராண்டன்பெர்கர் என்ற சுவிட்சர்லாந்து வேதியியலர் 1908இல் உருவாக்கியது செலோஃபேன். மரக்கூழிலிருந்து வரும் படலம். அமெரிக்காவில் விட்மன் நிறுவனம் 1912இலேயே இதை இனிப்புப் பெட்டிகளுக்குச் சுற்றத் தொடங்கியது. ஆக, சாக்லேட்டுக்கும் இதற்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட உறவு.

இன்று கடையில் 'செலோஃபேன்' என்று கேட்டால் கையில் தருவது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன்தான். இரண்டும் பார்க்க ஒன்று போலவே பளபளக்கும். ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். செல்லுலோஸ் தாளைப் போல எரிந்து, எரிந்த தாள் வாசத்தோடு சாம்பலாகும். பிளாஸ்டிக் சுருங்கி, உருகிச் சொட்டும். என் கைக்கு வந்த மாதிரிகளில் பாதி, இந்தச் சோதனையில் சொட்டின.

உண்மையான செல்லுலோஸ் என்றாலும் கேள்வி முடியவில்லை. பூச்சில்லாத படலம் ஈரத்தை உள்ளே விட்டுவிடும். பூச்சிட்டது ஈரத்தைத் தடுக்கும். ஆனால் அந்தப் பூச்சு என்ன? சிலவற்றில் இருப்பது குளோரின் கலந்த பி.வி.டி.சி. என்ற பிளாஸ்டிக், அது மக்காது. பூச்சோடு சேர்த்து முழுப் படலத்துக்கும் மக்கும் சான்று உண்டா என்று கேளுங்கள். இருந்தால், சூட்டில் சீல் வைக்கும் வகைகளில் என் முதல் தேர்வு இதுதான். தயாரிப்பிலும் ஒரு நிழல் உண்டு. பாரம்பரிய முறையில் கார்பன் டை சல்ஃபைடு பயன்படுகிறது. கட்டுப்பாடு இல்லாத ஆலைகளில் அது தொழிலாளர்களின் நரம்பைத் தாக்கும் நஞ்சு. மரத்திலிருந்து வந்தது என்பதாலேயே எல்லாம் தூய்மையாகிவிடாது.

மறைந்திருக்கும் செலவு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று ஓராண்டுக்கு வேண்டிய மக்கும் பைகளை ஒரே தடவையில் வாங்கினேன். எட்டாம் மாதம் பைகள் வறண்டு மொறமொறத்தன; சீல் வைத்த ஓரம் விரல் அழுத்தினாலே பிரிந்தது. மிஞ்சிய பைகள் அத்தனையும் வீண். மக்கும் உறை அலமாரியிலேயே மூப்படையும். மூன்று நான்கு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்; சுருளைத் திறந்தபின் மூடி, குளிர்ந்த, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

## பி.எல்.ஏ.

மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையை நொதிக்க வைத்து, லாக்டிக் அமிலமாக்கி, அதைக் கோத்துச் செய்யும் பிளாஸ்டிக் இது. தெளிவானது, மலிவு. 'செடியிலிருந்து செய்தது' என்று எழுதினால் விற்பனையும் ஆகும்.

இதில் எனக்கு நம்பிக்கை குறைவு; காரணம் பொருளல்ல, முடிவிடம். சுமார் 58 டிகிரி சூட்டில் வாரக்கணக்கில் வைக்கும் தொழில்முறை உரக்கூடத்தில்தான் பி.எல்.ஏ. ஒழுங்காக மக்கும். வீட்டு உரக்குழியில் போட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிளாஸ்டிக் மறுசுழற்சியில் விழுந்தால் பாட்டில் பிளாஸ்டிக்கோடு கலந்து அதையும் கெடுக்கும். வாங்குபவர்கள் ஊரில் உணவுக்கழிவைத் தனியாகச் சேகரித்து உரக்கூடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்து, அந்தக் கூடம் இவ்வகை உறையை ஏற்றுக்கொண்டால் மட்டும் எடுங்கள்.

சான்றுகளைப் படிக்கும்போது இந்த வேறுபாடு உதவும். ஐரோப்பிய அளவீடான இ.என். 13432 தொழில்முறை உரக்கூடத்துக்கானது: 12 வாரத்தில் 90 சதவீதம் 2 மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்காக உடைய வேண்டும், 6 மாதத்துக்குள் 90 சதவீதம் உயிரிச்சிதைவு அடைய வேண்டும். அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். டி6400 இதற்கு ஒப்பானது. வீட்டு உரக்குழிக்கு ஆஸ்திரியாவின் டியூவ் நிறுவனம் தரும் 'ஓகே கம்போஸ்ட் ஹோம்' போன்ற தனிச் சான்று வேண்டும்; அதன் சோதனை சாதாரண வெப்பநிலையில் நடக்கும். எத்தனை நாளில், எந்தச் சூழலில் என்று சொல்லாத 'பயோடிகிரேடபிள்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மதிப்பில்லை. 'ஆக்சோ' என்று தொடங்கும் சிதையும் பிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் தடை செய்திருக்கிறது; அது துணுக்காக நொறுங்குமே தவிர மறையாது.

## கிளாசின் தாள்

இது எனக்குப் பிடித்த பொருள். மரக்கூழை நன்றாக அரைத்து, தாளாக்கி, சூடான உருளைகளுக்கிடையே பலமுறை அழுத்தினால் இழைகள் நெருங்கி, தாள் பாதி ஒளிபுகும் வழவழப்புக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் பூச்சில்லாமலே எண்ணெயைத் தடுக்கும். பெட்டிக்குள் ட்ரஃபிளைத் தாங்கும் மடிப்புக் கிண்ணங்கள் பலவும் இதில் செய்தவைதான். தாளோடு தாளாக மறுசுழற்சிக்கும் போகும், உரக்குழிக்கும் போகும்.

ஈரத்தையும் வாசத்தையும் இது நிறுத்தாது. ஆகவே சில நாளில் தின்று தீர்ந்துவிடும் சாக்லேட்டுக்கே தனியாகப் போதும்.

எண்ணெய் புகாத தாள் என்று விற்பதெல்லாம் கிளாசின் அல்ல. பல ஆண்டுகளாக இத்தகைய தாள்களில் ஃபுளோரின் கலந்த பி.எஃப்.ஏ.எஸ். வேதிப்பொருள்களைப் பூசி வந்தார்கள். அவை மண்ணிலும் உடலிலும் எளிதில் சிதையாமல் தங்கும். டென்மார்க் 2020இல் உணவுத் தாள்களில் இவற்றைத் தடை செய்தது. அமெரிக்காவில் எண்ணெய் தடுக்கும் தாள்களுக்கான இவ்வகைப் பொருள்களின் விற்பனை நின்றுவிட்டதாக 2024 பிப்ரவரியில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. பழைய இருப்பு எங்கும் இருக்கலாம். வாங்குமுன் 'பி.எஃப்.ஏ.எஸ். சேர்க்கவில்லை' என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

## பாலிப்ரொப்பிலீனை ஒதுக்கிவிடலாமா?

பெரும்பாலும் ஒதுக்கலாம். ஆனால் ஈரப்பதம் மிகுந்த இடத்துக்குத் தொலைதூரம் அனுப்ப வேண்டியிருந்து, செல்லுலோஸ் தாங்கவில்லை, ஃபாயிலில் மடிக்க முடியாத வடிவம் என்றால், ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் ஆன மெல்லிய படலம் பல அடுக்குப் படலத்தைவிட மேல். அதைப் பயன்படுத்தினால் பழுப்புத் தாள் ஒட்டி மறைக்காதீர்கள். பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகவே தெரியட்டும்.

## வெளிப் பெட்டி: இங்கேதான் எளிதில் மிச்சம் பிடிக்கலாம்

அட்டை. மறுசுழற்சி அட்டையா, புது நார் அட்டையா? பதில் உள் உறையைப் பொறுத்தது. பழைய செய்தித்தாள் மையிலிருந்து கனிம எண்ணெய் ஆவியாகி, அட்டை வழியாக உணவில் சேர்வதை சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநில உணவு ஆய்வகத்தினர் கவனப்படுத்தினார்கள். அந்த ஆவி தாளையும் மெல்லிய பாலித்தீனையும் கடந்துவிடும், அலுமினியத்தைக் கடக்காது. ஆகவே உள்ளே ஃபாயில் இருந்தால் மறுசுழற்சி அட்டையைத் தயங்காமல் எடுங்கள். உள்ளே வெறும் கிளாசின் என்றால், பொறுப்பான காட்டு மேலாண்மைக்கான எஃப்.எஸ்.சி. சான்று பெற்ற புது நார் அட்டை வேண்டும். என் மூன்று கிலோவை இந்த ஒரு வரி காப்பாற்றியிருக்கும்.

அட்டையைக் கெடுப்பவை அதன்மேல் நாம் ஏற்றும் அலங்காரங்கள். பளபளப்புக்கான பிளாஸ்டிக் படலம், உள்ளே தெரிய ஒட்டும் ஜன்னல், மூடியில் புதைத்த காந்தம், பாலியஸ்டர் நாடா, பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொன்றும் மறுசுழற்சியைக் கடினமாக்கும், ஒவ்வொன்றுக்கும் காசும் போகும். படலத்துக்குப் பதில் நீர் சார்ந்த மெருகு, நாடாவுக்குப் பருத்தி நூல், தட்டுக்கு மடித்த அட்டைத் தடுப்பு. ஜன்னலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாக்லேட் படத்தை அச்சிடலாம். வெளிச்சம் படாததால் வெள்ளைச் சாக்லேட்டும் சிக்கு வாடை அடிக்காமல் நிற்கும்.

தகர டப்பா. காந்தம் பிடித்து இழுப்பதால் குப்பையிலிருந்து எளிதாகப் பிரியும், எத்தனை தடவையும் உருக்கலாம். ஆனால் அட்டையைவிடப் பல மடங்கு கனம். செய்யவும் அனுப்பவும் செலவு கூடும். ஒரே தடவை பயன்படுத்தி எறிந்தால் அட்டையிடம் தோற்கும். வாங்குபவர் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தால் விலையில் கழித்து நிரப்பித் தரும் ஏற்பாடு உங்களிடம் இருந்தால் மட்டுமே இது நியாயமாகும். கண்ணாடிக் குப்பிக்கும் இதே கணக்கு. உடையும் ஆபத்து கூடுதல்.

## எந்த நிலைமைக்கு எது?

- நேரில் விற்பனை, ஒரு வாரத்தில் தின்று தீரும் ட்ரஃபிள்: கிளாசின் கிண்ணம், எஃப்.எஸ்.சி. புது நார் அட்டை. வேறெதுவும் வேண்டாம்.
- பல மாதம் அலமாரியில் இருக்க வேண்டிய பார்: ஃபாயில், தாள் பட்டை. பெட்டி வேண்டுமென்றால் மறுசுழற்சி அட்டை.
- பருப்பு, உலர்பழம் தூவிய ஒழுங்கற்ற துண்டுகள்: வீட்டு உரச் சான்று உள்ள செல்லுலோஸ் பை. இதை ஃபாயிலில் மடித்தால் கிழியும்.
- அஞ்சலில் அனுப்புவது: உள் உறையை மாற்றாதீர்கள். காலி இடத்தைக் குறையுங்கள், தேன்கூட்டுத் தாளால் நிரப்புங்கள், வார இறுதியில் கிடங்கில் கிடக்காதபடி வாரத் தொடக்கத்தில் அனுப்புங்கள்.
- திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர்கள்: தகர டப்பா, திரும்பப் பெறும் ஏற்பாட்டோடு.

## மொத்தமாக வாங்குமுன்

இரண்டு சோதனைகள். சுத்தமான, மணமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் உறையின் மாதிரியைப் போட்டு, அதைத் தொடாதபடி சிறு கிண்ணத்தில் துருவிய பால் சாக்லேட்டை வைத்து மூடுங்கள். இன்னொரு பாட்டிலில் சாக்லேட் மட்டும். 48 மணி நேரம் கழித்து, எது எது என்று சொல்லாமல் வேறு மூன்று பேரிடம் சுவைக்கக் கொடுங்கள். ஒருவர் முகம் மாறினாலும் அந்த மாதிரியைத் திருப்பி அனுப்புங்கள். இரண்டாவது: உண்மையான சாக்லேட்டைப் பொதிந்து, விற்கப்போகும் அதே நாள் கணக்குக்கு, அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். கறை, வெள்ளைப் படிவு, பிரிந்த சீல் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மக்கும் உறைக்குச் சீல் சூடு வேறு. உங்கள் இயந்திரத்தில் அது அமையும்வரை முதல் சில பைகள் வீணாகும், அதையும் செலவில் சேருங்கள்.

பிறகு பெட்டியின் அடியில், இலைப் படத்துக்குப் பதில், வாங்குபவருக்கு இரண்டு வரி அச்சிடுங்கள்: "ஃபாயிலைச் சேர்த்து உருண்டையாக்கி உலோகத் தொட்டியில் போடவும். பெட்டியைத் தட்டையாக்கித் தாள் தொட்டியில் போடவும்." என் பெட்டிகளில் அதைத்தான் எழுதுகிறேன்.